சொல், கை, கால், கருவி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு நாட்டுப்புறப் பாட்டும் ஆட்டமும் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளி ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் பெரும்பாலான இடங்களில் நாட்டுப்புற ஆட்டத்தின் நினைவு வருகிறது. கைபேசியில் ஒரு பாட்டைத் தேடி எடுத்து, ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, எட்டு எண்ணிக்கைக்கு ஒரு திருப்பம் என்று பழக்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் விழாவில் பாட்டின் நடுவே மின்சாரம் நின்றது. 16 பிள்ளைகளும் தூக்கிய கை தூக்கியபடி நின்றார்கள். அடுத்த அடி ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் பாட்டு அவர்கள் வாயில் இல்லை, பெட்டியில் இருந்தது. பழக்கியவன் நான், குறையும் என்னுடையதே. அதற்குப் பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன்: முதலில் சொல், அடுத்து கை, அதன் பின் கால், அப்புறம் கருவி, எல்லாம் கூடிவந்த பின்னரே மேடை. கீழே வருவது அந்த வரிசையின் விளக்கம். இதை ஒழுங்காக முடிக்க ஒரு வகுப்புக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும்.

ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பது

எதைக் கற்பிப்பது என்பதை ஊரே தீர்மானிக்கட்டும். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை தருமபுரியும் அதுவும் ஒரே மாவட்டமாக இருந்தவைதாம். ஆனாலும் பிள்ளைகளின் காதில் விழுந்திருப்பது ஊருக்கு ஊர் வேறு. காவேரிப்பட்டணம் பக்கத்துப் பிள்ளை மாசி மாதத்து அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளையில் பம்பை, உடுக்கை என்னும் தோல் கருவிகளைக் கேட்டு வளர்ந்திருக்கும். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்ப் பிள்ளை, பாரதக் கதைக் காட்சிகளான அருச்சுனன் தபசையும் துரியோதனன் படுகளத்தையும் தாத்தாவின் மடியில் பாதித் தூக்கத்தில் பார்த்திருக்கும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களின் பாட்டும் ஆட்டமும் தனிவகை; அவற்றை அங்குள்ள பெரியவர்கள்தாம் சொல்லித்தர வேண்டும், சமவெளியிலிருந்து ஒருவர் ஏறிப்போய்த் திருத்தக் கூடாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் பேச்சு தெலுங்கிலோ கன்னடத்திலோ நடக்கும். தாலாட்டுப் பாடும் பாட்டி அங்கே அவ்வாவாகவோ அஜ்ஜியாகவோ இருப்பார். அந்தப் பாட்டைத் தமிழாக்கித் தரும்படி பிள்ளையைக் கேட்காதீர்கள். இருக்கிறபடியே அது வகுப்புக்கு வரட்டும்.

முதல் இரண்டு வாரம் இதற்கே ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பாட்டாவது கேட்டு வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். பெற்றோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், வளரும் வீடுகள் இங்கே நிறைய உண்டு. இந்தப் பாடத்துக்கு ஆயா இருந்தால் போதும். கைபேசியில் பதிவு செய்யும்போது பாட்டோடு சேர்த்து மூன்று செய்திகளைப் பாடியவரின் வாயாலேயே சொல்லவைத்துப் பதிந்துகொள்ளுங்கள்: யாரிடம் கற்றது, எந்த வேலையின்போது பாடியது, கூடப் பாடியவர்கள் எத்தனை பேர். நடவுப் பாட்டுக்கும் களையெடுப்புப் பாட்டுக்கும் வேகம் ஏன் வேறு என்பது இந்த மூன்றாவது கேள்வியில் பல சமயம் விளங்கிவிடும். ஓர் எச்சரிக்கை: நல்லபடியாக வாழும் வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று எண்ணும் பாட்டிமார் உண்டு. “சும்மா நாலு வரி பாடு ஆயா” என்று பிள்ளை வற்புறுத்தாமல் இருக்க முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

வாத்தியாரை அழைப்பது

இந்த வழிகாட்டியைப் படிப்பவர் பள்ளி ஆசிரியராகவோ, இளைஞர் மன்றத்தவராகவோ, பெற்றோராகவோ இருக்கலாம். நீங்கள் ஒழுங்குபடுத்துபவர், கற்பிப்பவர் கலைஞராக இருக்க வேண்டும். தெருக்கூத்து வாத்தியார், பம்பைக்காரர், பறை அடிப்பவர், கும்மிக்கு முதல் குரல் எடுக்கும் அம்மா ஆகியோரில் ஒருவராவது வாரம் ஒருமுறை வந்தாக வேண்டும். நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து, சம்பளம் எவ்வளவு, எந்தக் கிழமை, எத்தனை மாதம் என்பதைத் தெளிவாகப் பேசி அழையுங்கள். “கலைக்குச் செய்யும் சேவை” என்று சொல்லி இலவசமாகக் கூப்பிடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது; கணக்கு வாத்தியாரை நாம் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவரை வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார வைப்பதும், பிள்ளைகள் “வாத்தியாரே” என்று விளிப்பதும் முதல் நாளிலேயே பழக்கமாகிவிட வேண்டும்.

அவருடைய பருவத்தை அறிந்து நாள் குறியுங்கள். பங்குனியில் தொடங்கி ஆடி வரை கோயில் திருவிழாக்கள் அடுத்தடுத்து வரும். கூத்து விடிய விடிய நடக்கும். இரவெல்லாம் ஆடியவரைக் காலை 10 மணிக்கு வகுப்புக்கு வரச்சொல்வது நியாயமில்லை. ஆவணி முதல் மாசி வரை தீவிரப் பயிற்சி, திருவிழா மாதங்களில் பிள்ளைகளை அவர் ஆடும் இடத்துக்கே அழைத்துச் சென்று பார்க்கவைப்பது என்று ஆண்டைப் பிரித்துக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் பொருந்தும். வாத்தியார் 2007இல் தொடங்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேட்டு, இல்லையென்றால் விண்ணப்பம் எழுத உதவுங்கள்.

இடம், அளவு, வயது

மண் தரையே நல்லது. கோயில் முன்புறமோ களமோ கிடைத்தால் தண்ணீர் தெளித்துப் புழுதி அடக்கி, கல்லும் முள்ளும் பொறுக்கிய பிறகு வெறுங்காலோடு ஆடவிடுங்கள். சிமெண்டுத் தரையில் குதித்து ஆடினால் குதிகாலும் முழங்காலும் வலிக்கும். தகரக் கூரையின் கீழ் பறை அடித்தால் காது தாங்காது. வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு 40 நிமிடம், ஒரு குழுவில் 12 முதல் 16 பிள்ளைகள். கோலாட்டத்துக்கு இரட்டைப்படை எண்ணிக்கை வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துச் சேர்க்கை நடத்துங்கள். 5 முதல் 7 வயதினருக்கு விளையாட்டுப் பாட்டும் கைதட்டலும் போதும். 8 வயதிலிருந்து கும்மியும் கோலாட்டமும், 10 வயதிலிருந்து பறையும் ஒயிலாட்டமும், 12 வயதுக்கு மேல் கரகமும் கூத்தும் என்பது என் கணக்கு. உடல்வாகும் ஆர்வமும் பார்த்து ஓராண்டு முன்பின் ஆகலாம்.

சொல்லும் கையும்

முதல் மாதம் கருவி எதுவும் வகுப்புக்குள் வரக் கூடாது. பறையைக் கண்ணில் காட்டிவிட்டால் பிள்ளைகளின் கை சும்மா இருக்காது. அதன்பின் சொல் யார் காதிலும் ஏறாது.

வட்டமாக உட்கார வையுங்கள். “தகதிமி” என்று நான்கு எண்ணிக்கையை நிதானமாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் சொல்லிக்கொண்டே ‘த’ என்ற எழுத்தில் மட்டும் கை தட்டட்டும். அது நிலைத்ததும் எழுந்து நின்று, ‘த’வில் வலக்கால் வைத்து நடக்கட்டும். அடுத்த வாரம் “தகிட” என்ற மூன்று எண்ணிக்கை. கும்மிப் பாடல்கள் பலவும் இந்த மூன்றின் ஓட்டத்தில்தான் செல்கின்றன என்பதால் இதற்குக் கூடுதல் நாள் கொடுங்கள். மூன்றையும் நான்கையும் சேர்த்து “தகிட தகதிமி” என்று ஏழாக்குவது பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு. ஆனால் முதல் இரண்டும் கையில் படியும் முன் அதற்குப் போக வேண்டாம். வாத்தியார் தமக்கே உரிய சொற்கட்டுகளை, அதாவது தாளச் சொற்கோவைகளை, வைத்திருந்தால், இந்தச் சொற்களை விட்டுவிட்டு அவருடையதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: போகப் போக ஓடுவார்கள். வேகம் கூடுவது அவர்களுக்கே தெரியாது. அதைக் காட்டிக்கொடுக்க ஒரு பயிற்சி. நான்கு முறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த நான்கு முறை வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் சொல்ல வேண்டும். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்திறக்க வேண்டும். முதல் நாள் பட்டாசுச் சரம் போல ஒவ்வொருவராக வெடிப்பார்கள். பத்து நாளில் ஒரே குரலாகும்.

இதைவிட நல்ல ஆசிரியர் உலக்கை. ராகியும் சாமையும் வீட்டிலேயே குத்திய காலத்தில், ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஒருத்தியின் உலக்கை மேலே போகும்போது மற்றவளுடையது கீழே இறங்கும். கணக்குத் தவறினால் உலக்கைகள் மோதிக்கொள்ளும். நினைவுள்ள ஓர் ஆயாவை அழைத்து, உரலையும் உலக்கையையும் வைத்தே ஒருமுறை குத்திக் காட்டச் சொல்லுங்கள். அவர் மூச்சை விடும் இடத்தையும், உலக்கையைக் கை மாற்றும் இடத்தையும் பிள்ளைகள் கவனிக்கட்டும். பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து, தரையில் விரித்த சாக்கின் மேல் ஆளுக்கொரு குச்சியால் அதேபோல் மாற்றி மாற்றித் தட்டிப் பழகட்டும். தாளம் என்றால் அடிப்பது மட்டுமல்ல, அடுத்தவர் அடிக்க இடம் விடுவதும்தான் என்பது சொற்பொழிவு இல்லாமலே அவர்களுக்குப் புரியும்.

காரிமங்கலம் பக்கத்து வகுப்பில் ஒரு பையன் எப்போதும் அரை நொடி பிந்தியே தட்டினான். தாள உணர்வே இல்லை என்று கைவிடும் நிலைக்கு வந்துவிட்டேன். ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான், அவன் தன் காதை நம்பாமல் எதிரில் இருப்பவளின் கையைப் பார்த்துப் பார்த்துத் தட்டுவது தெரிந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன்; மூன்றாம் சுற்றில் சரியாகிவிட்டது. பிந்தும் பிள்ளையைத் திட்டும் முன் அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

பாட்டு

வீடுகளிலிருந்து வந்த பாட்டுகளில் நான்கைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் முன்பாட்டு எடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடும் அமைப்பில் உள்ளவை வகுப்புக்கு ஏற்றவை. வரிகளைப் பலகையில் எழுதிப் போடாதீர்கள். எழுதிப் போட்டால் பிள்ளை படிக்கும், பாடாது. இரண்டு வரி கேட்டு இரண்டு வரி திருப்பிச் சொல்லும் பழைய முறையே போதும். வட்டார வழக்குச் சொற்களை “சரியான தமிழாக” மாற்றுவதும் வேண்டாம். சொல்லின் நீளம் மாறினால் தாளம் இடறும்.

சுருதியில் கவனம் தேவை. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணிச் சொல்வார்கள். ஆண் வாத்தியார் ஒன்றரைக் கட்டையில் பாடிக்காட்டினால் பிள்ளைகளால் அந்தக் கீழ்க்குரலுக்கு இறங்க முடியாது. ஆர்மோனியத்தில் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் வைத்துப் பாருங்கள். மேல்வரியில் கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை குறையுங்கள். ஒலிவாங்கி இல்லாத காலத்துக் கூத்துக் கலைஞர்கள் ஊர் எல்லை வரை கேட்க உச்சத்தில் பாடிப் பழகியவர்கள். அந்தக் குரல் பல ஆண்டுப் பயிற்சியில் வந்தது. பத்து வயதுப் பிள்ளை அதைப் போலச் செய்யக் கத்தினால் தொண்டைதான் கட்டும்.

கால்: கும்மி, கோலாட்டம், ஒயில், கரகம்

கும்மியில் கைதட்டல் ஏற்கெனவே வந்துவிட்டதால், குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, ஓரடி நகர்வு என்று சேர்த்தால் போதும். உள்ளங்கை முழுதும் படும் தட்டுக்கும் கை குவித்த தட்டுக்கும் ஒலி வேறு. ஒரே பாட்டில் இரண்டையும் மாற்றித் தட்டவிட்டு, எந்த வரிக்கு எது பொருந்துகிறது என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். கும்மியைப் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கும் வழக்கத்தை வகுப்பில் தொடர வேண்டியதில்லை. ஆண்களின் ஆட்டமாக இருந்த ஒயிலை இன்று பெண்கள் ஆடுவதைப் போலத்தான் இதுவும்.

கோலாட்டத்துக்கு ஓரடி நீளக் கோல் சிறு கைகளுக்குச் சரியாக இருக்கும். பின்னல் கோலாட்டத்துக்குப் போனால் நேரம் எடுத்துச் செய்யுங்கள். உயரத்திலிருந்து தொங்கும் 8 கயிறுகளை 8 பேர் பிடித்து, நால்வர் வலமாகவும் நால்வர் இடமாகவும், ஒருவரை உள்ளே விட்டு அடுத்தவரை வெளியே விட்டுச் சுற்றினால் மேலே பின்னல் விழும். அதே அடிகளைத் திருப்பி ஆடினால் பிரியும். ஒருவர் தவறினாலும் கயிறு சிக்கிக்கொள்ளும். யார் தவறியது என்று நாம் சொல்ல வேண்டியதே இல்லை, எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். சண்டையும் வரும், அது வந்துபோகட்டும். முதலில் கயிறில்லாமல், பிறகு தாவணித் துணிகளைக் கட்டி, கடைசியில் கயிறு என்று போவது நல்லது.

ஒயிலாட்டத்தில் கைக்குட்டையை வீசுவது கடைசிப் பாடம். கால் நிலைக்கும் முன் துணியைக் கொடுத்தால் துணியின் அழகில் கால் மறந்துபோகும். சலங்கையும் அப்படியே, தவறான அடியைச் சலங்கை ஊருக்கே அறிவிக்கும்.

கரகத்துக்குச் சிறிய சொம்பில் அரிசி நிரப்பி, தலையில் சும்மாடு வைத்து, நடப்பது, உட்காருவது, எழுவது என்று தொடங்குங்கள். தண்ணீர்க்குடம் சுமந்து பழகிய கிராமத்துப் பிள்ளைக்கு இது பாதி தெரிந்த வித்தை. வளரும் கழுத்தில் பாரம் கூட்டாதீர்கள்.

பறை

பறைக்கு வரும்போது ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். ஊரைப் பொறுத்துத் தப்பு, தப்பட்டை என்றும் சொல்வார்கள். வட்டமான மரச்சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய கருவி. இடத்தோளில் தொங்கவிட்டு உடலோடு அணைத்துக்கொண்டு, வலக்கையில் குட்டையான அடிக்குச்சியும் இடக்கையில் மெல்லிய நீண்ட சிம்புக்குச்சியும் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அடிக்குச்சி மட்டும், அதுவும் ‘த’வில் மட்டும். சிம்புக்குச்சியின் பரந்த அடி தோலில் படுத்து எழ வேண்டும். பிள்ளைகள் அதை முனையால் குத்துவார்கள். குச்சியைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்திருந்தால் இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். கருவி போதாவிட்டால் பாதிப் பேர் பறையிலும், மீதிப் பேர் சாக்குக் கட்டிய பழைய டயரிலும் மாற்றி மாற்றிப் பழகலாம்.

காய்ச்சுவது தனிக்கலை. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து ‘தொப்’பென்று ஒலிக்கும், வைக்கோலோ காய்ந்த ஓலையோ கொளுத்தி, அனலில் காட்டினால் இறுகிக் கணீரென்று எழும். ஓர் ஐப்பசி மழைநாளில் அவசரப்பட்டு நானே ஒரு பறையை நெருப்புக்கு நெருக்கமாகப் பிடித்தேன். ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்ததைப் பார்த்தேன், பசை மணம் வந்தது, அடுத்த நொடி தோல் கீறிக்கொண்டது. வாத்தியார் திட்டவில்லை, அடுத்த பறையை எடுத்து, உள்ளங்கையை முதலில் அனலில் நீட்டி, கை பொறுக்கும் தூரத்தில் பறையைச் சாய்த்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்டார். ஒலி மாறியதும் எடுத்துவிட்டார். பெரியவர் ஒருவர் நெருப்பருகே இல்லாமல் பிள்ளைகளைக் காய்ச்ச விடாதீர்கள். ஆனால் அந்தச் சுண்டும் ஒலியைக் கேட்டு “இப்போது போதும்” என்று சொல்லும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். காதுக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை.

வீட்டாரின் எதிர்ப்பு இந்தக் கட்டத்தில்தான் வரும். “சாவுக்கு அடிக்கிற மேளத்தை எங்கள் பிள்ளை ஏன் அடிக்க வேண்டும்”, “பெண்பிள்ளை தப்பு அடிப்பதா” என்ற இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன். இந்தப் பேச்சுக்கு அடியில் சாதி இருக்கிறது என்பதை மழுப்பாமல் ஒப்புக்கொள்வோம். கூட்டம் போட்டு உரை ஆற்றுவதால் பயன் குறைவு. பெற்றோரை வகுப்புக்கு வரவழைத்து, வாத்தியார் அடிக்கப் பிள்ளைகள் பாடி ஆடுவதைப் பார்க்கவிடுங்கள். பறையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கற்பிக்கச் சொல்லும் வீட்டாரிடம், இந்த வகுப்பில் எல்லாருக்கும் எல்லாமும் உண்டு என்று பணிவாக, ஆனால் மாற்றமில்லாமல் சொல்லிவிடுங்கள். அதனால் இரண்டு பிள்ளைகள் நின்றுபோனாலும், வாத்தியாரின் முன்னால் அவருடைய கருவியைத் தாழ்த்துவதைவிட அது மேல்.

கூத்து

முழுக்கூத்து பிள்ளைகளுக்கு அதிகம். ஒரு காட்சி போதும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரனிலிருந்து தொடங்குங்கள். திரைக்குப் பின்னால் நிற்கும் வேடத்தை “யாரப்பா நீ, எந்த ஊர்?” என்று கேட்டுச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரனுக்கு வசனம் மனப்பாடம் வேண்டாம், தங்கள் ஊர்ச் செய்தியை அந்த நிமிடத்தில் இட்டுக்கட்டிப் பேசலாம். கூச்சமுள்ள பிள்ளையும் இதில் வாய்திறக்கும். அதன் பின் திரையைப் பிடித்துக்கொண்டு பாடி, காலை மட்டும் காட்டி, மெல்லத் திரை விலக வெளிப்படும் திரை வருகையைப் பழக்குங்கள். கிரீடத்தையும் தோளில் அணியும் புஜக்கட்டையையும் அட்டையில் பிள்ளைகளே செய்து பளபளக்கும் தாள் ஒட்டட்டும். அரிதாரத்தைக் கையின் உட்புறத்தில் சிறிது பூசி, அரிப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே முகத்துக்குப் போகலாம்.

மேடை

முதல் மேடை பிள்ளைகள் வாழும் தெருவாக இருக்கட்டும். பாட்டுக் கொடுத்த ஆயாக்கள் முன்வரிசையில் உட்காரட்டும். யாருடைய பாட்டு என்பதை ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிள்ளையே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வெளியே போகலாம். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்குக் கலைப் பயிற்சி தருகிறது; அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் கலைத் திருவிழாப் போட்டிகள் நடைபெறுகின்றன; 18 வயதுக்குட்பட்ட கலைஞருக்கு மாவட்ட அளவில் ‘கலை இளமணி’ விருது உண்டு. போட்டிக்குக் கொடுக்கும் சில நிமிடங்களுக்குள் அடங்க வேண்டுமென்று பாட்டை வேகப்படுத்தாதீர்கள். இரண்டு சரணத்தைக் குறையுங்கள், வேகத்தைத் தொடாதீர்கள். மேடைக்குப் போகும் முன் கடைசி ஒத்திகையில் ஒலிவாங்கியை ஒருமுறை அணைத்துவிட்டு முழுவதையும் பாடி ஆடவையுங்கள்.

நிகழ்ச்சி முடிந்த இரவே, தூக்கம் கண்ணைச் சுற்றினாலும், பறைகளின் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, துணிப்பையில் இட்டு, தரையில் படாமல் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். எலி தோலைத் தேடி வரும். அடிக்குச்சிகளை எண்ணி வாங்குங்கள், குறைந்தது இரண்டு குச்சியேனும் எப்போதும் குறையும்.